பழைய வார்ப்பிரும்புச் சட்டியின் கரிக்குக் காஸ்டிக் சோடாத் தொட்டி: ஓராண்டு பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

கடந்த ஓராண்டில் நான்கு பழைய வார்ப்பிரும்புச் சட்டிகளின் கரியை நீக்கியிருக்கிறேன். அவற்றுள் மூன்று, காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைத்த தொட்டியில் நாள்கணக்கில் ஊறியவை. ஒன்றுக்கு ஓவன் கிளீனர் நுரையைப் பயன்படுத்தினேன். தொட்டியிலிருந்து எடுத்த ஒன்றை, நீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்கும் மின்னாற்பகுப்புக்கும் உட்படுத்தினேன். ஆகவே இம்முறைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுச் சொல்லும் நிலையில் இருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரம் இல்லாதவருக்கும், இரும்பின் பழைய மேற்பரப்பை ஒரு கீறல்கூட விழாமல் காக்க விரும்புபவருக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியே மிகச் சிறந்த வழி. அதே சமயம், தோலையும் கண்ணையும் அரித்துவிடக்கூடிய பொருளை வீட்டுக்குள் கொண்டுவருகிறோம் என்ற நினைவு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மனத்தில் இருந்தாக வேண்டும்.

முதலில் வந்த சட்டியின் வெளிச்சுவர் முழுவதும் மரப்பட்டை போல் வெடித்திருந்தது. கைப்பிடி சுவரோடு சேருமிடத்தில் கரி முடிச்சு முடிச்சாகத் திரண்டு, பிடியின் வடிவத்தையே மறைத்திருந்தது. அடிப்பகுதியில் ஏதேனும் எழுத்து இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபோது மேடுபள்ளங்கள் தட்டுப்பட்டனவே தவிர, எழுத்து என்று எதுவும் பிடிபடவில்லை. சுண்டினால் உலோகத்துக்குரிய நாதம் எழாமல், மண்ணோட்டைத் தட்டியது போன்ற மந்தமான ஒலியே வந்தது. பாத்திரம் துலக்கும் சோப்பும் கம்பி நாரும் கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்தும், நாரின் நுனிகள் தேய்ந்தனவே ஒழிய, சட்டியில் எந்த மாற்றமும் இல்லை.

சோப்பு ஏன் தோற்றது என்பதைப் புரிந்துகொண்டால், காஸ்டிக் சோடா ஏன் வென்றது என்பதும் புரியும். இரும்புச் சட்டியைப் பழக்கும்போது நாம் பூசும் எண்ணெய் வெறுமனே காய்ந்துவிடுவதில்லை. அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் ஒன்றோடொன்று பிணைந்து, இரும்பைக் கவ்விக்கொள்ளும் கடினமான பாலிமர் படலமாக மாறுகின்றன. உட்புறத்தில் மெல்லியதாகவும் சீராகவும் அமைந்த அந்தப் படலம்தான் நாம் விரும்பும் கருமையான வழவழப்பு. வெளிச்சுவரில் நடப்பது வேறு. அங்கே வழிந்த எண்ணெய் துடைக்கப்படாமல் தீயில் காய்கிறது. அதன் மேல் அடுத்த நாளின் பிசுக்கு படிகிறது. உள்ளடுக்குகள் தீயின் வெம்மையில் கருகிக் கரியாகின்றன. மேலடுக்கு புதிய பாலிமராக அவற்றை மூடுகிறது. இப்படிப் பல பத்தாண்டுகள் சென்றபின் மிஞ்சுவது, கரித்துகள்கள் செங்கற்களாகவும் பாலிமர் அவற்றைப் பிணைக்கும் சாந்தாகவும் அமைந்த ஒரு சுவர். பாத்திரச் சோப்பு புதிய எண்ணெயைத்தான் தூக்கும். இறுகிய சாந்தை அது தொடுவதே இல்லை.

காஸ்டிக் சோடா அந்தச் சாந்தைத்தான் தாக்குகிறது. கொழுப்பைப் பிணைத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அது வெட்டி, நீரில் கரையும் சோப்பாக மாற்றிவிடுகிறது; சோப்புத் தயாரிப்பில் நிகழும் வினையும் இதுவே. தூய கரியை அதனால் கரைக்க முடியாது. ஆனால் சாந்து கரைந்த சுவரில் செங்கல் நிற்காது என்பதால், கரி தானாகவே உதிர்ந்து தொட்டியின் அடியில் படிகிறது. இதில் நான் மிகவும் மதிப்பது, அது எதைச் செய்யாமல் விடுகிறது என்பதை. அறை வெப்பநிலையில் காரக்கரைசல் இரும்பை அரிப்பதில்லை. மாறாக, இரும்பின் மேல் மிக மெல்லிய காப்புப் படலம் நிலைக்கும் சூழலைத் தருகிறது. கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி எளிதில் துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் அங்குள்ள காரத்தன்மையே காரணம். சட்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு நாள் மறந்துபோனாலும், இரண்டு மாதம் மறந்துபோனாலும் இரும்புக்கு ஒன்றும் நேராது. வேறு எந்த முறைக்கும் இந்த உறுதியை என்னால் தர முடியாது.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். காஸ்டிக் சோடா செதிலாகவும் சிறு மணிகளாகவும் கிடைக்கிறது. நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். செதில் கொட்டும்போது நுண்ணிய தூசி எழுகிறது, அது மூக்கையும் தொண்டையையும் உறுத்துகிறது. மணிகள் தூசி எழுப்புவது குறைவு, அளந்து எடுப்பதும் எளிது. ஆனால் பிளாஸ்டிக் கரண்டியில் ஒட்டித் தெறித்து, மேசையில் எங்கோ ஓர் ஓரத்தில் ஒளிந்துகொள்கின்றன. அப்படி ஒளிந்த ஒரு மணி காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிறு துளியாகிக் காத்திருக்கும். மறுநாள் முழங்கையை ஊன்றுபவருக்கு அது எரிகாயம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மணியைத்தான் தேர்ந்தெடுப்பேன், மேசையை ஈரத்துணியால் இருமுறை துடைக்கும் நிபந்தனையோடு. இரண்டுமே ஈரத்தை உறிஞ்சுபவை என்பதால், மூடியைச் சரியாக இறுக்காத டப்பாவில் சில நாள்களிலேயே கட்டிதட்டிப் போய்விடும்.

வாங்கும்போது விவரச்சீட்டை வரிவரியாகப் படிப்பது அவசியம். அடைப்பு நீக்கும் பொடிகள் சிலவற்றில் காஸ்டிக் சோடாவோடு அலுமினியத் துணுக்குகளும் கலந்திருக்கும். நீரில் விழுந்ததும் அலுமினியமும் காரமும் வினைபுரிந்து கடும் வெப்பத்தையும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிட வேண்டும், அதனால் அடைப்பு கிளற வேண்டும் என்பதற்காகவே அவற்றைச் சேர்க்கிறார்கள். குழாய்க்கு அது உதவலாம். தொட்டிக்கு அது ஆபத்து. உட்பொருள் பட்டியலில் சோடியம் ஹைட்ராக்சைடு தவிர வேறொன்றும் இல்லாத பொட்டலத்தை மட்டுமே வாங்க வேண்டும்.

இதே காரணத்தால் சட்டியில் ஒட்டியிருப்பவற்றையும் பார்த்தாக வேண்டும். அலுமினிய மூடியோ குமிழோ தொட்டிக்குள் போகவே கூடாது, துத்தநாகப் பூச்சும் வெள்ளீயப் பூச்சும் காரத்தில் கரையும், மரக்கைப்பிடி பாழாகும், எனாமல் பூசிய பாத்திரம் பளபளப்பை இழக்கும். இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று காரீயம். தூண்டில் குண்டும் துப்பாக்கிக் குண்டும் வார்க்கப் பழைய இரும்புச் சட்டிகளில் காரீயத்தை உருக்கிய பழக்கம் இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட சட்டியை எந்தத் தொட்டியும் சமையலுக்குத் தகுதியாக்காது; தொட்டிக்குள் போட்டால் தொட்டியும் நச்சாகும். முன்பு யார் கையில் இருந்தது என்று தெரியாத எந்தச் சட்டியையும், காரீயம் கண்டறியும் சோதனைக் குச்சியால் கரி மெலிந்த இடத்தில் தேய்த்துப் பார்த்த பிறகே நான் ஊறவைக்கிறேன். ஐயம் எழுந்தால் அந்தச் சட்டி அலங்காரப் பொருளாக மட்டுமே இருக்கட்டும்.

தொட்டிக்கு அடர்பாலித்தீன் அல்லது பாலிபுரோப்பிலின் வாளியே ஏற்றது. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருக்கும். இறுக மூடும் மூடி கட்டாயம் வேண்டும். குழந்தையோ வளர்ப்பு விலங்கோ நெருங்க முடியாத இடத்தில், மூடியின் மேல் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய சட்டிகளைச் சேகரிப்பவர்கள் நெடுநாளாகப் பின்பற்றும் அளவு, ஏறத்தாழ 19 லிட்டர் நீருக்கு 450 கிராம் காஸ்டிக் சோடா. அதாவது நூற்றுக்கு இரண்டரைப் பங்குக்குச் சற்றுக் குறைவு. இருமடங்கு போட்டால் இருமடங்கு வேகம் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆபத்து கூடுகிற அளவுக்குப் பலன் கூடுவதில்லை.

கரைக்கும் வரிசை மாறவே கூடாது. முதலில் குளிர்ந்த நீர், அதன் பிறகு சிறிது சிறிதாகக் காஸ்டிக் சோடா. பொடியின் மேல் நீரை ஊற்றினால், கரையும்போது எழும் வெப்பம் ஓரிடத்தில் குவிந்து, கொதித்துத் தெறிக்கும். கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி ஆகியவை இல்லாமல் மூடியைத் திறப்பதே இல்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். தோலில் பட்டால் முதலில் வழவழவென்றுதான் தெரியும், எரிச்சல் பிறகுதான் வரும். தோலின் கொழுப்பே சோப்பாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த வழவழப்புதான் அடையாளம். உடனே ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் கழுவ வேண்டும். வினிகரைத் தேடி ஓடி நேரத்தை வீணாக்கக் கூடாது. கண்ணில் பட்டால், கழுவிக்கொண்டே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். சட்டியைத் தொட்டிக்குள் தொங்கவிடக் கையில் கிடைத்த கம்பியை வளைத்துக் கொக்கியாக மாட்டினேன். சில நொடிகளில் கம்பியைச் சுற்றி வெண்மையான நுரை சீறி எழுந்தது. அது அலுமினியக் கம்பி. மூடியை இறுக்கியிருந்தால் ஹைட்ரஜன் உள்ளேயே தேங்கியிருக்கும். மூடியைத் திறந்தே வைத்து, காற்றோட்டமான இடத்தில் விலகி நின்று, வினை அடங்கிய பிறகு எஞ்சிய துண்டைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்தேன். அதன் பிறகு காந்தம் ஒட்டும் சாதாரண இரும்புக் கம்பியைத் தவிர வேறெதையும் தொட்டிக்குள் விடுவதில்லை.

இனி அந்த முதல் சட்டி. மூழ்கவிட்ட அன்று மாலையே நீர் வெளிறிய தேநீரின் நிறத்துக்கு மாறியது. மூன்றாம் நாள் அடர்பழுப்பு. சட்டியைத் தூக்கியபோது அதன் மேல் கரும்பாகு போன்ற வழுக்கும் கூழ் படிந்திருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் ஓர் இழுப்பு இழுத்தேன். உட்புறத்தின் பழைய படலம் ஈரமான காகிதம் போலச் சுருண்டு வந்தது; அதன் கீழே இரும்பு, மழைக்கால வானத்தின் சாம்பல் நிறத்தில், முதன்முதலாகத் தெரிந்தது. வெளிச்சுவர் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை எடுத்து, கழுவி, துருப்பிடிக்காத எஃகு நாரால் தேய்த்து, மீண்டும் மூழ்கவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு குறைந்தது. இந்த இடைத்தேய்ப்பை ஊறவைப்பதற்கு இணையாகவே கருத வேண்டும். மேலே தளர்ந்த கூழை அகற்றாவிட்டால், அடியிலுள்ள இறுகிய அடுக்கைக் கரைசல் சென்றடைவது தாமதமாகும்.

பன்னிரண்டாம் நாள் அடிப்பகுதியின் நடுவில் ஒரு வட்டத்தின் விளிம்பு தென்பட்டது. மரக்குச்சியின் முனையைக் கூராக்கி, எழுத்துகளின் பள்ளங்களில் அடைத்திருந்த கரியைத் துகள் துகளாக நெம்பினேன். இரட்டை வட்டத்துக்குள் ஒரு சிலுவை. அதனுள் கிரிஸ்வோல்ட் என்ற பெயர். கீழே ஈரி என்ற ஊரின் பெயர். அதற்கும் கீழே 704 என்ற எண். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகரில் 1865-இல் தொடங்கிய வார்ப்பகத்தின் சட்டி அது. 1957-இல் அங்கே உற்பத்தி நின்றுவிட்டதால், எப்படிப் பார்த்தாலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழையது. கைப்பிடியின் மேல் 8 என்ற எண்ணும் வெளிப்பட்டது. அது அங்குலக் கணக்கு அன்று. அக்கால விறகு அடுப்பின் வாய் அளவைக் குறிக்கும் எண். உட்புறத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக மிக நுண்ணிய வட்டக் கோடுகள் தெரிந்தன. வார்த்தெடுத்த பிறகு வார்ப்பகத்தில் தேய்த்து மெருகேற்றியபோது விழுந்த கோடுகள் அவை. அத்தனை ஆண்டு கரிக்கு அடியில் அந்தக் கோடுகள் அப்படியே இருந்ததைக் கண்டபோது, இந்த முறையின் மேல் எனக்கு இருந்த மதிப்பு பலமடங்காகியது.

அந்தக் கோடுகளை மனத்தில் வைத்துத்தான் கிரைண்டிங் மெஷினையும் கம்பி பிரஷ் சக்கரத்தையும் நான் முற்றாக நிராகரிக்கிறேன். பத்து நிமிடத்தில் கரி போய்விடும் என்பது உண்மை. கரியோடு சேர்ந்து வார்ப்பகத்தின் கைவேலையும் போய்விடும் என்பதும் உண்மை. கம்பி பிரஷ் சக்கரம் இரும்பைச் செயற்கையாகப் பளபளக்கச் செய்கிறது. அப்படி மழமழப்பாகிவிட்ட பரப்பில் புதிய படலம் பிடிமானமின்றி உரிந்து வருவதை வேறொருவரின் சட்டியில் பார்த்திருக்கிறேன். மணல் வீச்சும் அதே வகைதான். அது பரப்பைச் சொரசொரப்பாக்கி, எழுத்துகளின் கூர்மையை மழுக்குகிறது. தேய்ந்த இரும்பை எந்த மருந்தாலும் திரும்ப வளர்க்க முடியாது.

நெருப்பில் போட்டு எரிப்பதும் பலரும் சொல்லும் யோசனை. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு கார்பன் இருக்கிறது. அதனால் அது கடினமானது, அதே நேரத்தில் நொறுங்கும் தன்மையும் உடையது. ஒரு பக்கம் கனன்று மறுபக்கம் குளிர்ந்திருந்தால் நெளியும், அல்லது பிளக்கும். தப்பித்தாலும், அளவுக்கு மீறிக் காய்ந்த இரும்பில் செம்பழுப்பு நிறச் செதில்படலம் தோன்றும். அதன் மேல் எவ்வளவு பழக்கினாலும் எண்ணெய்ப் படலம் சரியாகப் பிடிப்பதில்லை. தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன்கள் ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகின்றன. தடித்த பிசுக்கு அங்கே தீப்பிடிக்கவும் கூடும். மெல்லிய சுவருள்ள பழைய சட்டியை அந்தச் சோதனைக்கு நான் உட்படுத்த மாட்டேன்.

ஓவன் கிளீனர் நுரையைப் பற்றி நியாயமாகவே சொல்ல வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த வகைகள் அதே வினையைத்தான் செய்கின்றன. மூன்றாவது சட்டிக்கு அதைத்தான் பயன்படுத்தினேன். சட்டி முழுவதும் நுரையைப் பீய்ச்சி, தடித்த குப்பைப் பையில் போட்டு, காற்றுப் புகாமல் முடிந்து, இரண்டு நாள் வைத்துவிட வேண்டும். பையைக் கட்டாமல் விட்டால் நுரை காய்ந்து, வினை நின்றுபோகும். மெலிந்த படலம் முதல் சுற்றிலேயே வந்துவிட்டது. வெளிச்சுவரின் கரிக்கு ஐந்து சுற்றுகள் தேவைப்பட்டன. ஒரே ஒரு சட்டி வைத்திருப்பவருக்கு, தொட்டியை மாதக்கணக்கில் காவல் காப்பதைவிட இதுவே பொருத்தம். ஆனால் பீய்ச்சும்போது காற்றில் மிதக்கும் காரத்துளிகள் மூச்சோடு உள்ளே போகும் அபாயம் தொட்டியில் இல்லாதது. திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்றுதான் பீய்ச்ச வேண்டும். நெடியற்றது என்று விற்கப்படும் சில வகைகளில் காஸ்டிக் சோடாவே இருப்பதில்லை; அவை இந்தக் கரியின் முன் நிற்காது.

தொட்டியின் பெரிய குறை, துருவை அது தொடவே தொடாது என்பது. இரண்டாவது சட்டியில் இதைக் கண்டேன். கரி போன இடத்தில் செந்துரு திட்டுத்திட்டாக அப்படியே இருந்தது. அதற்குத்தான் மின்னாற்பகுப்பு. நீரில் சலவை சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைச் சட்டியோடும், நேர்முனையைப் பலியாகப்போகும் ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் இணைக்க வேண்டும். மின்சாரம் பாயும்போது சட்டியின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்து, எஞ்சிய கரியை உந்தித் தள்ளுகின்றன. துருவின் ஒரு பகுதி கருமையான பொடியாக மாறித் தேய்த்தால் போய்விடுகிறது. தகடு நேராகப் பார்க்கும் பக்கம்தான் விரைவாகச் சுத்தமாகும் என்பதால் சட்டியைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுமிக்க சேர்மமாகக் கரைசலில் கலக்கும். மின் இணைப்பை முழுவதும் துண்டிக்காமல் நீரில் கைவைக்கக் கூடாது. ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்தவெளியில் மட்டுமே செய்ய வேண்டும். தானியங்கி வகைச் சார்ஜர்கள் பேட்டரி இணைந்திருப்பதை உணராமல் இயங்க மறுக்கும். கையால் இயக்கும் வகையே பயன்படும்.

வேகத்தில் மின்னாற்பகுப்பு தொட்டியை வென்றுவிடும். வாரக்கணக்கில் நடக்கும் வேலையை ஓரிரு நாளில் முடித்துவிடுகிறது. ஆயினும் அதன் அருகே ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பிசுக்கு தடித்த சட்டியில் மின்சாரம் நன்றாகப் பாய்வதும் இல்லை. முதலில் தொட்டி, துரு மிஞ்சினால் பிறகு மின்சாரம் என்ற வரிசையே எனக்குக் கைகொடுத்தது. லேசான துருவுக்கு வினிகரும் நீரும் சமமாகக் கலந்த கரைசல் போதும். ஆனால் அமிலம் துருவோடு நிற்காமல் இரும்பையும் தின்னும் என்பதால், அரைமணி நேரத்துக்கு மேல் விடாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்ததை நன்றாக அலசாமல் வினிகரில் போடவும் கூடாது.

குளிர்காலத்தில் தொட்டி ஏறக்குறைய உறங்கிவிடுகிறது என்பது இன்னொரு குறை. கோடையில் இரண்டு வாரத்தில் முடிந்த வேலை, குளிரில் ஒன்றரை மாதம் நீண்டது. கரைசலை அடுப்பில் ஏற்றிச் சூடாக்கலாமே என்று யோசிப்பவரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், செய்ய வேண்டாம். வெயில் படும் இடத்தில் மூடி வைப்பதே போதுமானது.

கரி நீங்கிய நாளன்று நேரம் மிக முக்கியம். வெறும் இரும்பு ஈரத்தோடு காற்றைச் சந்தித்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பூத்துவிடும். வெந்நீரில் இது இன்னும் விரைவு. ஆகவே குளிர்ந்த நீரில் சோப்பிட்டு அலசி, உடனே துணியால் ஒற்றி, சூடான ஓவனில் ஈரம் போக உலர்த்த வேண்டும். துடைத்த துணியில் சாம்பல் நிற மை வந்துகொண்டே இருக்கும். அது வார்ப்பிரும்பிலுள்ள கிராஃபைட்டும் நுண்கரியும்தான், அழுக்கு அன்று. அது முழுவதும் நிற்கும்வரை காத்திருந்தால் துரு முந்திக்கொள்ளும்.

கை பொறுக்கும் சூட்டில் எண்ணெயைத் தடவி, பிறகு எண்ணெயே தடவவில்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்தெடுத்து, கவிழ்த்து வைத்து, 230 முதல் 260 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தேன். இதை மூன்று முறை செய்தேன். முதல் சட்டியில் துடைப்பதில் கஞ்சத்தனம் காட்டியதால், எண்ணெய் துளித்துளியாகத் திரண்டு, பிசுபிசுப்பான புள்ளிகளாக உறைந்துவிட்டது. மறுபடியும் தொட்டிக்கே அனுப்பினேன். ஆளி விதை எண்ணெய் கண்ணாடி போன்ற படலத்தைத் தந்தாலும், சில வாரங்களில் செதிலாக உரிந்தது. சாதாரணமான தாவர எண்ணெயே நின்று உழைக்கிறது.

ஒரே கரைசலை ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன். கன்னங்கரேலென்று இருந்தாலும் வேலை செய்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மெல்ல மெல்லச் சலவை சோடாவாக மாறி வலுக்குறையும் என்பதால், மூடியை இறுக்கி வைப்பது ஆயுளை நீட்டிக்கும். கொட்டும் நாள் வந்தால், அவரவர் இடத்து விதிப்படிதான் அப்புறப்படுத்த வேண்டும். மண்ணிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றவே கூடாது.

நான்காவது சட்டியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனெனில் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதை அது எனக்குக் கற்றுக்கொடுத்தது. விற்றவர் எந்தப் பழுதும் இல்லை என்றார்; கரி மூடியிருந்த நிலையில் அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பத்தொன்பது நாள் ஊறி, தேய்த்துக் கழுவி, கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் மெல்லத் தட்டினேன். மற்ற மூன்றும் கரி நீங்கியபின் மணி போல நீண்டு ஒலித்திருந்தன. இது தட்டிய இடத்திலேயே அடங்கிவிட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, விளிம்பிலிருந்து அடிப்பகுதி நோக்கி இரண்டு விரற்கடை நீளத்துக்கு, தலைமயிரைவிட மெல்லிய ஒரு கோடு ஓடியது. சூடேற்றினால் அது நீளும். இப்போது அந்தச் சட்டி லேசாக எண்ணெய் பூசப்பட்டு அலமாரியில் இருக்கிறது, அடுப்புக்குப் போகாது. கரி கனத்த சட்டிக்கு நல்ல விலை சொல்பவரிடம், விரிசல் தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாங்குகிறேன்.